'சில்லி' என்பவன் ஒரு காலத்தில் பாக்கியவான்

கேள்வி இதுதான்: கிரிக்கெட் வர்ணனையில் 'சில்லி பாயிண்ட்', 'சில்லி மிட் ஆன்' என்கிறார்களே, முட்டாள்தனத்தைக் குறிக்கும் அதே 'சில்லி'தானா அது? அந்தச் சொல்லுக்கு முன்னொரு காலத்தில் 'புனிதமான' என்று பொருள் இருந்ததாக நண்பர் ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

அதே சொல்தான். நண்பர் சொன்னதையும் நம்பலாம். 'புனிதமான' என்பதற்குப் பதில் 'பாக்கியம் பெற்ற' என்று அவர் சொல்லியிருந்தால் இன்னும் நெருங்கியிருப்பார். ஆனால் பாக்கியவான் முட்டாளாகிவிட்டான் என்று ஒரே வரியில் சொல்லி முடித்தால், கதையில் ருசியான பகுதி முழுவதும் நடுவில் விடுபட்டுப் போகும். நான் நீட்டி எழுதுவது அந்த நடுப்பகுதிக்காகத்தான்.

மைதானத்தை முதலில் முடித்துவிடுவோம். பாயிண்ட், மிட் ஆன், மிட் ஆஃப் ஆகியவை மட்டையாளரிடமிருந்து தள்ளி நிற்கும் இடங்கள். அதே திசையில் நடந்துவந்து, கையை நீட்டினால் மட்டையைத் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் குனிந்து நின்றால், அந்த இடத்தின் பெயருக்கு முன்னால் 'சில்லி' ஒட்டிக்கொள்ளும். சுழற்பந்து மட்டையில் பட்டு, காலில் மோதி, சோம்பலாக மேலே எழும்பும்போது பிடிப்பதற்காகத்தான் அங்கே ஒருவரை நிறுத்துகிறார்கள். மட்டையாளர் ஓங்கி அடித்துவிட்டால் கண் இமைக்கவும் நேரம் இருக்காது. புத்தியுள்ளவன் அங்கே போய் நிற்பானா என்ற கேலியில் வந்த பெயர் அது. ஆபத்து மட்டும் கேலி இல்லை. ஏறக்குறைய அதே நெருக்கத்தில் உள்ள ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் தலைக்கவசம் இல்லாமல் நின்ற இந்திய வீரர் ரமன் லாம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் தலையில் பந்து பட்டு இறந்துபோனார்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உணவகப் பலகையில் 'சில்லி பரோட்டா' என்று எழுதியிருப்பது வேறு சொல். மிளகாயைக் குறிக்கும் அது மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் பிறந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் சகரம் இரண்டு ஒலிக்கும் இடம் கொடுப்பதால் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. உறவு ஏதும் இல்லை.

இனி வேருக்கு வருவோம். நார்மன்கள் 1066இல் கடல் கடந்து வருவதற்கு முன்பு இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் 'ஸேல்' என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. அதற்கு இரண்டு பொருள். நேரம், பருவம், தக்க வேளை என்பது ஒன்று. மகிழ்ச்சி, நற்பேறு என்பது மற்றொன்று. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 'அவனுக்கு இப்போது நேரம் நன்றாக இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது கடிகாரத்தைப் பற்றியா பேசுகிறோம்? பஸ் கவிழ்ந்து எல்லோரும் பிழைத்துக்கொண்டால் 'நல்ல வேளை' என்று பெருமூச்சு விடுகிறோம். வேளையும் அதிர்ஷ்டமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது நமக்குப் பழகிய சங்கதி.

அந்த 'ஸேல்' என்ற பெயரிலிருந்து பிறந்த பெயரடைதான் 'யெஸேலி'. நற்பேறு பெற்றவன், நல்ல வேளையில் பிறந்தவன் என்பது அதன் பொருள். முன்னால் ஒட்டியிருந்த 'யெ' நாளடைவில் தேய்ந்து விழ, 'ஸேலி' நின்றது. அதுதான் சில்லியின் பாட்டன்.

தாய்ச்சொல்லான 'ஸேல்' முற்றிலும் செத்துப்போகவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், நார்ஃபோக், சஃபோக் பகுதிக் கிராமப்புற வழக்கில், வைக்கோலுக்காகப் புல் அறுத்துக் காயவைக்கும் பருவத்துக்கு 'ஹேஸல்' என்று பெயர். வைக்கோல் என்ற 'ஹே'யும் பருவம் என்ற பழைய 'ஸேல்'உம் சேர்ந்த சொல் அது. வழியில் எதிர்ப்பட்டவருக்கு வணக்கம் சொல்வதை 'அன்றைய நாளின் ஸேலைக் கொடுப்பது' என்பார்கள். 'அவன் எனக்கு ஸேல்கூடக் கொடுக்காமல் போனான்' என்றால், முகம் கொடுக்காமல் போனான் என்று பொருள்.

ஜெர்மானியக் குடும்பத்தின் மற்ற மொழிகளில் இதே வேர்ச்சொல் கௌரவமாக வாழ்கிறது. ஜெர்மனில் 'ஸேலிக்' என்றால் பேரின்பம் அடைந்த, அருள் பெற்ற என்று பொருள். மலைப்பிரசங்கத்தில் 'ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்' என்று தமிழ் வேதாகமம் சொல்லும் இடத்தில் லூதரின் ஜெர்மன் வேதாகமம் 'ஸேலிக்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இறந்துபோன தந்தையைப் பற்றிப் பேசும்போது பெயரோடு 'ஸேலிக்' சேர்ப்பது பழைய மரியாதை. ஹாலந்துக்காரர்கள் அதே சொல்லைச் 'ஸாலிக்' என்று வைத்துக்கொண்டு, நல்ல சாப்பாட்டுக்கும் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருக்கும் சுகத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஐஸ்லாந்தில் அது அன்றாட வணக்கச் சொல்லாகவே இருக்கிறது. பிள்ளைகளில் ஆங்கிலத்தில் வாழ்க்கைப்பட்டவள் மட்டும்தான் இப்படி ஆனாள்.

ஏன் இப்படி ஆனாள்? பலர் இதைப் படிக்கட்டுபோல் எழுதுவார்கள்: பாக்கியவான், பக்திமான், கள்ளமில்லாதவன், இரங்கத்தக்கவன், பலவீனன், முட்டாள். வரிசை தவறில்லை. ஆனால் படிக்கட்டில் ஒரு படியை விட்டுத்தான் அடுத்த படிக்குப் போக முடியும். இந்தச் சொல் அப்படிப் போகவில்லை. சில நூற்றாண்டுகள் எல்லாப் படிகளிலும் ஒரே நேரத்தில் கால் வைத்துக்கொண்டு நின்றது. ஒரே எழுத்தாளர் ஒரு பக்கத்தில் ஒரு பொருளிலும் மறுபக்கத்தில் வேறு பொருளிலும் எழுதியிருக்கிறார்.

சறுக்கலுக்குக் காரணம் இரக்கம் என்பது என் எண்ணம். இடைக்காலக் கிறித்தவ மனத்தோடு யோசித்துப் பாருங்கள். கடவுளின் அருள் பெற்றவர் யார்? கள்ளமில்லாதவர். வேதசாட்சியாக மாண்ட கன்னி, கைக்குழந்தை, வெட்டக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டி. கள்ளமில்லாதவருக்கு இந்த உலகத்தில் என்ன நடக்கும்? அடி விழும். அடி வாங்கியவரைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? 'ஐயோ பாவம்' என்போம். இப்படி 'ஸேலி'யின் பொருள் பாக்கியத்திலிருந்து பரிதாபத்துக்கு நகர்ந்தது. அதுவரையில் அவமதிப்பு இல்லை. ஆனால் இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் இரக்கப்படுகிறார். மேலே நின்று பார்க்கிறவருக்குக் கீழே இருப்பவரின் கள்ளமின்மை கொஞ்ச நாளில் விவரமின்மையாகத் தெரியத் தொடங்கும். சொல்லுக்குரியவர் மாறவில்லை. அவரைப் பார்த்த கண்தான் மாறியது.

நம் 'பாவம்' என்ற சொல்லே இதற்கு நல்ல துணை. பாவம் செய்தவனைக் குறிக்க வேண்டிய சொல், 'பாவம், அந்தப் பிள்ளை' என்று ஒரு குற்றமும் செய்யாதவனுக்கு அல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது? வெகுளியின் கதை அதைவிட விசித்திரம். திருக்குறளில் 'வெகுளாமை' என்ற அதிகாரம் முழுவதும் கோபத்தைப் பற்றியது. இன்று 'அவள் ஒரு வெகுளி' என்றால் கோபக்காரி என்றா பொருள்? சூதுவாது தெரியாதவள் என்று பொருள். மனத்தில் வைத்துக்கொள்ளாமல் உடனே கொட்டிவிடுகிறவரிடம் கள்ளம் இருக்காது என்று யாரோ கண்டிருக்க வேண்டும். இது என் ஊகம்தான், அகராதிக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள்.

ஆங்கிலக் கவிஞர் சாஸரிடம் போவோம். 'ஸேலி' என்ற சொல் எல்லாப் பொருளிலும் ஒரே நேரத்தில் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய கான்டர்பரி கதைகளில் மாவு அரைப்பவன் சொல்லும் கதைக்கு இணை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் என்று ஒரு தச்சர். வயதானவர், வசதியானவர், படிப்பு இல்லாதவர். மனைவி ஆலிசனுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் நிக்கலஸ் என்ற மாணவன் வாடகைக்கு இருக்கிறான், சோதிடம் படிக்கிறவன். அவனுக்கும் ஆலிசனுக்கும் தொடர்பு. கிழவரை ஓர் இரவு ஓரம் கட்ட வேண்டும். நிக்கலஸ் அறையைப் பூட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்துவிடுகிறான். ஜான் பதறிப்போகிறார். அளவுக்கு மீறிப் படித்தால் இப்படித்தான் ஆகும், தன் விசுவாசப் பிரமாணத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத பாமரனே என்றைக்கும் பாக்கியவான் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

கதவை உடைத்து உள்ளே போனால் நிக்கலஸ் ரகசியம் சொல்கிறான்: வரும் திங்கட்கிழமை இரவு நோவா காலத்தைவிட இரண்டு மடங்கு பெரிய பிரளயம் வரப்போகிறது. இந்த இடத்தில்தான் சாஸர் எழுதுகிறார், 'இந்த ஸேலித் தச்சன் நடுங்கத் தொடங்கினான்' என்று. எதற்காக நடுங்கினார்? நோவாவின் வெள்ளம் கடலாகப் புரண்டு வந்து தன் தேனான ஆலிசனை மூழ்கடிப்பதுபோல் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. தன் உயிரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அழுகிறார். மாவு பிசையும் தொட்டி ஒன்றும் மரத்தொட்டிகள் இரண்டும் வாங்கிவந்து கூரையடியில் கட்டித் தொங்கவிடுகிறார். ஏறுவதற்குத் தன் கையாலேயே மூன்று ஏணி செய்கிறார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு ஜாடி ஏல் என்ற மதுவும் எடுத்து வைக்கிறார். உழைத்த களைப்பில் தொட்டிக்குள் குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறார். மற்ற இருவரும் ஏணியில் இறங்கி அவருடைய படுக்கைக்கே போய்விடுகிறார்கள். பின்னிரவில் வேறொரு காரணத்தால் சூடுபட்ட நிக்கலஸ் 'தண்ணீர், தண்ணீர்' என்று அலற, வெள்ளம் வந்துவிட்டது என்று நினைத்து ஜான் கோடரியால் கயிற்றை வெட்டுகிறார். தடாலென்று தரையில் விழுந்து கை முறிகிறது. கூடிய ஊரார் பைத்தியம் என்று சிரிக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், 'ஸேலித் தச்சன்' என்பதை எப்படித் தமிழாக்குவது? பாவப்பட்ட தச்சனா, அப்பாவித் தச்சனா, அசட்டுத் தச்சனா? மூன்றும் சரி. 'பாமரனே பாக்கியவான்' என்று அவர் வாயாலேயே வந்ததை நினைத்தால் பழைய பொருளும் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது. சாஸர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று நான் நம்புகிறேன். சிரிக்கிற ஊராரோடு நாமும் சிரிக்கிறோம். ஆனால் மனைவியின் உயிருக்காக அழுத ஒரே ஆள் அந்தக் கதையில் அவர்தான்.

ஒலி மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸேலி'யின் நெடிலுயிர் 'ஸீலி' என்று ஈகாரமாகி, பிறகு குறுகிச் 'சில்லி' ஆனது. நோயுற்றவர் என்ற 'சிக்' என்ற சொல்லிலும் இதே குறுக்கம் நடந்திருக்கிறது. ஸீலி என்ற பழைய உச்சரிப்பு ஸ்காட்லாந்தில் தேவதைக் கதைகளில் தங்கியது. அங்கே நல்ல தேவதைகளின் கூட்டம் 'ஸீலி' கூட்டம், கெட்டவை 'அன்ஸீலி'. இங்கிலாந்தில் அது குடும்பப் பெயராகவும் தங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜான் ராபர்ட் ஸீலியின் முன்னோரில் ஒருவரை ஊரார் 'சந்தோஷமான மனுஷன்' என்று கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் புதிய பொருள் முழுதாக வந்துவிட்டது, ஆனால் பழையது வீட்டைக் காலி செய்யவில்லை. அவருடைய வெரோனாவின் இரு கனவான்கள் நாடகத்தில் காட்டுக் கொள்ளையர்கள் வாலன்டைனைத் தலைவனாக்கும்போது, 'சில்லிப் பெண்களிடமும் ஏழை வழிப்போக்கரிடமும் கொடுமை செய்யக்கூடாது' என்று அவன் நிபந்தனை போடுகிறான். இன்றைய ஆங்கிலத்தில் இது அசட்டுப் பெண்கள் என்று காதில் விழும். அவன் சொன்னது அபலைப் பெண்கள். ஆறாம் ஹென்றி நாடகத்தில் போர்க்களத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்த அரசன், முள்மர நிழலில் தங்கள் 'சில்லி ஆடுகளை'ப் பார்த்துக்கொண்டிருக்கும் இடையர்களை எண்ணிப் பொறாமைப்படுகிறான். அது 'வாயில்லா ஜீவன்' என்று நாம் சொல்வோமே, அந்த ஈரம். ஆனால் அதே ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவில், நெசவாளரும் தச்சரும் அரண்மனையில் போடும் நாடகத்தைப் பார்த்து இப்போலிட்டா, 'நான் கேட்டதிலேயே மகா சில்லியான சங்கதி இது' என்கிறாள். அதில் பழைய பொருளின் வாசனைகூட இல்லை. இவை எல்லாம் 1590களை ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் எழுதியவை.

வேதாகமத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பில், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், வீடுகளில் நுழைந்து 'சில்லிப் பெண்களை' வசப்படுத்தும் கள்ளப் போதகர்கள் வருகிறார்கள். கிரேக்க மூலத்தில் இருப்பது பெண் என்ற சொல்லின் சிறுமை வடிவம். தமிழ் வேதாகமம் அங்கே 'பெண்பிள்ளைகள்' என்று போட்டது. எனக்கு ஆங்கிலத்தைவிட அது திருத்தமாகப் படுகிறது.

என் வகுப்பறை அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டிசம்பரில், ராபர்ட் சவுத்வெல்லின் கிறிஸ்துமஸ் கவிதையைக் கரும்பலகையில் எழுதினேன். உறையும் குளிர்கால இரவில் நடுங்கிக்கொண்டு கிடக்கும் 'சில்லிப் பச்சைக் குழந்தையை'ப் பாருங்கள் என்று அது தொடங்கும். கடைசி பெஞ்சில் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுந்து, 'ஏசுவைப் போய் சில்லி என்று எழுதலாமா, சார்?' என்றாள். உண்மையிலேயே புண்பட்டுப்போயிருந்தாள்.

சவுத்வெல் யார் என்று சொல்லித்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். எலிசபெத் அரசி காலத்தில், கத்தோலிக்கக் குருவாக இங்கிலாந்தில் இருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தபோது, ஒளிந்து வாழ்ந்து ஊழியம் செய்த இயேசு சபைக் குரு அவர். 1592இல் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்து, 1595இல் டைபர்ன் கொலைக்களத்தில் தூக்கில் ஏற்றப்பட்டார். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர் குழந்தை ஏசுவைக் கேலி செய்வாரா? அந்த வரியில் சில்லி என்றால் ஆதரவற்ற, குற்றமறியாத, பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு இளகச் செய்கிற. ஒருவேளை அருள் நிறைந்த என்ற ஆதிப்பொருளும் அவர் காதில் ஒலித்திருக்கலாம். பெஞ்சமின் பிரிட்டன் 1942இல் இந்தக் கவிதைக்கு இசையமைத்தார். அதனால் இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் பாடகர் குழுக்கள் அந்தச் 'சில்லி'யை உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை சிறுவர்கள் ஒத்திகையில் சிரிப்பை அடக்கினார்களோ.

மில்டன் 1629இல் எழுதிய கிறிஸ்து பிறப்புக் கவிதையில், வயலில் உட்கார்ந்து கதை பேசும் இடையர்களின் 'சில்லி எண்ணங்கள்' வருகின்றன. காதலும் ஆடுமே அவர்கள் நினைப்பு. அங்கே அது எளிய, நாட்டுப்புற என்ற பொருள். கிராமத்தான் என்றால் விவரமில்லாதவன் என்று நகரத்தான் நினைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் அகராதி வெளியிட்டபோது, 'சில்லி'க்கு முதல் பொருளாகத் தீங்கற்ற, களங்கமற்ற என்று கொடுத்தார். பலவீனமான என்பது இரண்டாவது. முட்டாளான என்பது மூன்றாவதுதான். பேச்சில் மூன்றாவது பொருள் முன்னுக்கு வந்து வெகுநாள் ஆகியிருக்கும். அகராதிகள் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வீட்டைப் பெருக்குகின்றன.

ஸ்காட்லாந்தில் 'பலவீனமான' என்ற நடுப்பொருள் இன்னும் நெடுநாள் உயிரோடு இருந்தது. 1785 நவம்பரில் நிலத்தை உழும்போது ஒரு சுண்டெலியின் வளையைக் கலப்பை கிழித்துவிட, ராபர்ட் பர்ன்ஸ் அந்த எலியிடமே பேசுவதுபோல் ஒரு கவிதை எழுதினார். உன் சின்னஞ்சிறு வீடும் பாழாகிவிட்டதே, அதன் 'சில்லிச் சுவர்களை'க் காற்று வாரி இறைக்கிறதே என்கிறார். சுவர் எப்படி முட்டாளாகும்? அது நோஞ்சான் சுவர். இலையும் தட்டையுமாக எலி பல்லால் கடித்துக் கடித்துச் சேர்த்து வைத்தது, குளிர்காலம் வாசலில் நிற்கும்போது ஒரு கலப்பைக் கொழுவுக்குத் தாங்கவில்லை. மற்ற எடுத்துக்காட்டுகள் மறந்தாலும் இந்தச் சுவரை மறக்காதீர்கள்.

கோல்ரிட்ஜின் வாளிகளைப் பற்றி அறிஞர்களிடையே ஒரு பழைய இழுபறி உண்டு. 1798இல் வெளியான அவருடைய முதிய மாலுமியின் பாடலில், கப்பல் நடுக்கடலில் காற்றில்லாமல் நின்றுபோய், தாகத்தால் தவித்த மாலுமிகள் எல்லோரும் செத்து, ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். கடல்பாம்புகளின் அழகைக் கண்டு அவன் மனம் உருகி அவற்றை வாழ்த்திய பிறகு தூக்கம் வருகிறது. தளத்தில் வெகுநாளாகக் கிடந்த 'சில்லி வாளிகள்' பனிநீரால் நிரம்பியதுபோல் கனவு காண்கிறான். விழித்தால் மழை. எதற்கும் உதவாமல் கிடந்த வெறும் வாளிகள் என்று சிலர் பொருள் சொல்வார்கள். அருள் இறங்கும் நேரம் அல்லவா, கோல்ரிட்ஜ் பழைய சொற்களைத் தேடிப் பொறுக்குகிறவர் அல்லவா, அதனால் 'பாக்கியம் பெற்ற வாளிகள்' என்று வேறு சிலர் சொல்வார்கள். நான் வெறும் வாளிக் கட்சி. கனவில் நிரம்புவதற்கு முன்னால் அவை வெறுமையாக இருந்தால்தானே நிரம்புவதில் பொருள் இருக்கிறது? பாக்கியம் பிறகுதான் வருகிறது.

நான் கட்சி சேர மறுக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. சஃபோக் வட்டாரத்துக்குச் 'சில்லி சஃபோக்' என்று ஒரு பட்டப்பெயர். அங்கே பழைய தேவாலயங்கள் ஏராளம், ஆகவே அது 'புனித சஃபோக்'கின் மரூஉ என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல் பரம்பரை தெரிந்த யாருக்கும் இதைச் சொல்லும்போது வாய் இனிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டப்பெயர் ஏடுகளில் தலைகாட்டுவதே சில்லிக்கு முட்டாள் என்ற பொருள் ஊன்றி நெடுங்காலம் ஆன பிறகுதான். பக்கத்து வட்டாரத்துக்காரன் வைத்த கேலிப் பெயருக்கு உள்ளூர்க்காரன் பிற்பாடு கண்டுபிடித்த கௌரவமான விளக்கமாகத்தான் அது தெரிகிறது.

'சில்லி சீசன்' என்ற தொடரில் மட்டும் வரலாறு தானாகவே ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. நாடாளுமன்றம் விடுமுறையில் போய், லண்டன் காலியாகி, பத்திரிகைகள் எழுத விஷயம் இல்லாமல் அற்பச் செய்திகளால் பக்கத்தை நிரப்பும் கோடைக்காலத்துக்குப் பெயர் அது. 1861இல் சாட்டர்டே ரிவியூ இதழில் அந்தத் தொடர் வந்தது. ஜெர்மானியர் இதையே வெள்ளரி ஊறுகாய்க் காலம் என்பார்கள். சில்லியின் வேரான 'ஸேல்' என்றாலே பருவம் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆக, சில்லி சீசன் என்பதன் ஆதிப்பொருள் ஏறக்குறைய 'நல்ல பருவமான பருவம்'. அந்த இதழில் எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் பற்றி எழுதியிருப்பார்.

சில்லிக்கு மட்டுமா இந்தக் கதி என்று கேட்டால், இல்லை. பிரெஞ்சில் அசடனைக் குறிக்கும் 'பெனே' என்ற சொல், ஆசீர்வதிக்கப்பட்டவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கிறுக்குத்தனத்தைக் குறிக்கும் 'டாஃப்ட்' ஒரு காலத்தில் சாந்தமான என்று பொருள்பட்டது. சாஸரின் ஜான் தன்னைப்போன்ற பாமரனைக் குறிக்கச் சொன்ன சொல் 'லூயிட்'. அது இன்று ஆபாசத்தைக் குறிக்கும் 'லூட்' ஆகிவிட்டது. நல்லவர், சாது, படிக்காதவர் ஆகிய மூவரையும் மொழிகள் ஒரே பள்ளத்தில்தான் தள்ளியிருக்கின்றன. எதிர்த்திசையில் ஏறி வந்தது 'நைஸ்'. லத்தீனில் 'அறியாதவன்' என்று தொடங்கி, ஆங்கிலத்தில் 1300 வாக்கில் முட்டாளைக் குறித்து, நொட்டை சொல்கிற, நுணுக்கமான என்றெல்லாம் அலைந்து, 18ஆம் நூற்றாண்டில் இனிமையான என்று வந்து சேர்ந்தது. ஆங்கில வகுப்புகளில் இந்த இரண்டையும் ஜோடி சேர்த்துச் சொல்வது வாடிக்கை. ஜோடியாகச் சொல்லிவிட்டால் இரண்டிலும் நடுவில் நடந்தது மறைந்துவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

இனி உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி. இன்று சில்லி என்றால் வெறும் முட்டாள் என்றுதானா பொருள்? ஆங்கிலம் பேசும் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தெரியும். இருட்டைக் கண்டு பயந்து அழும் நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தாய் சொல்லும் சொல் சில்லி. அந்த இடத்தில் 'ஸ்டுப்பிட்' என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. நம் பாட்டிகள் 'அசடே, இதற்கா அழுகிறாய்?' என்று முந்தானையால் முகம் துடைத்தார்களே, அதே குரல். காதலர்கள் ஒருவரையொருவர் சில்லி என்று சொல்லிக்கொள்ளலாம், சண்டை வராது. நண்பர்கள் கூடிக் காரணமில்லாமல் சிரித்துத் தீர்த்த மாலையைச் 'சில்லி'யாக இருந்தோம் என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளலாம்.

மட்டைக்கு எதிரே குனிந்து நிற்கும் அந்தப் பையனையும் இப்போது இன்னொரு முறை பாருங்கள். அணியில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் பெரும்பாலும் அங்கே அனுப்புவார்கள். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, முழங்காலில் கை ஊன்றி, பந்து எங்கே வரும் என்று தெரியாமல் நிற்கிறான். சாஸராக இருந்தால் அவனை 'ஸேலி' என்றுதான் எழுதியிருப்பார்.